அச்சிட்ட உலோகத்துக்கு உலை தேவையா?

உலையூதி:
எந்த உலோகத் தூளை லேசர் போன்ற கற்றையால் அடுக்கடுக்காக உருக்கிப் பாகமாக அச்சிட்டாலும் கடைசியில் உலையில் போட்டே தீர வேண்டும் என்பது என் கட்சி. விமானப் பாகங்களுக்கான டைட்டானியம் கலவையை (6% அலுமினியம், 4% வனேடியம்) எடுத்துக்கொள்ளுங்கள். லேசர் நகர்ந்ததும் உருகிய குட்டை வினாடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்ந்து, ஊசி ஊசியாக மார்ட்டென்சைட் என்னும் கடினமான படிக அமைப்பாகிறது. வலிமை உண்டு, நீட்சி குறைவு. 920 டிகிரி வெப்பத்தில், 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் வையுங்கள். உள்துளைகள் மூடும், ஊசிகள் தகடுகளாகும். மறுப்பவர் வரலாம்.

அடுக்காளன்:
வந்துவிட்டேன். அச்சிட்ட 316எல் துருவெதிர்ப்பு எஃகில் மைக்ரானுக்கும் சிறிய அறைகள் உருவாகின்றன. அவற்றின் சுவர்களில் படிகக் குறைக்கோடுகள் (அணு வரிசை பிசகிய இடங்கள்) பின்னிக் கிடப்பதுதான் அதன் வலிமைக்கு முக்கியக் காரணம். 1,000 டிகிரிக்கு மேல் வைத்தால் சுவர்கள் கரைந்துபோகும். சிலிக்கான் கலந்த அலுமினியத்துக்கு டி6 பதனிடலை (உயர்சூட்டில் வைத்து, சட்டெனக் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்குவது) செய்தாலும் இதே கதிதான். மெல்லிய சிலிக்கான் வலை அறுந்து உருண்டைகளாகத் திரளும். வார்ப்படக்காரர் கையேட்டை இங்கே படிக்கிறீர்கள் ஐயா!

உலையூதி:
துளைக்கு என்ன பதில்? ஒருமுறை இழுத்தால் தாங்கும், லட்சம் முறை ஆட்டினால் முறியும். அந்தப் பாகத்தை அலமாரியில்தான் வைக்க வேண்டும்.

அடுக்காளன்:
மேற்பரப்பில் வாய் திறந்த துளைக்குள் உங்கள் ஆர்கானே புகுந்துவிடும், எப்படி மூடும்? தூளிலேயே அடைபட்ட ஆர்கான் இருந்தால், மூடிய துளையும் பிற்பாடு சூடாக்கும்போது மறுபடி ஊதும். நோயை முளையிலேயே தடுக்க வேண்டும். அச்சிட்டாலே விரிசல் விட்டுக்கொண்டிருந்த 7075 என்ற அலுமினியக் கலவையின் தூளில் சிர்கோனியம் நுண்துகள்களை ஒட்டினார்கள். உலோகத்தின் படிக மணிகள் பொடியாகி விரிசல் நின்றது. 2017இல் வெளிவந்த முடிவு இது. 2020இல் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியதிர்வால் டைட்டானியத்தின் நெடுந்தூண் மணிகளையே உடைத்துக் காட்டினார்கள்.

உலையூதி:
7075 தன் முழு வலிமையை எங்கே பெறுகிறது? உலையில்தான்! ஒலியதிர்வு, தூளை ஊதிப் படியவைக்கும் முறையில், அதிரும் முனையின் மேலேயே பாகத்தை வளர்த்துச் செய்தது. தளர்ந்து கிடக்கும் தூள்படுகையை ஆட்டிப் பாருங்கள், தெரியும்.

விசிறியிதழ்:
இருவரும் மணியைப் பொடியாக்கத்தானே மல்லுக்கட்டுகிறீர்கள்? விசையாழி இதழுக்குப் பொடிமணி பகை. கடும் வெப்பத்தில் மணியெல்லைகள் வழியே உலோகம் மெல்ல நீண்டுகொண்டே போகும். எங்களுக்கு வேண்டியது நீண்ட தூண்மணி. அச்சிட்ட நிக்கல் கலவைத் தண்டைச் சூட்டுச்சுருள் வழியே மிக மெதுவாக இழுத்து அதை வளர்க்க முடிகிறது.

உலையூதி:
பார்த்தீர்களா, அங்கேயும் சூடு! சரி, 316எல்லை விட்டுவிடுகிறேன். டைட்டானியத்தை விடமாட்டேன்.

அடுக்காளன்:
எலெக்ட்ரான் கற்றையால் அச்சிடுங்கள். படுகையே 600 டிகிரிக்கு மேல் சூடாக இருப்பதால் மார்ட்டென்சைட் பொறிக்குள்ளேயே சிதைந்துவிடும். உலை வேண்டாம்.

உலையூதி:
600 டிகிரியில் மணிக்கணக்காகப் பாகத்தை வைத்திருக்கும் பெட்டிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?