டிரைவர் கையில் கட்டும் ஆல்கஹால் பட்டை: விடிகாலை ட்யூட்டிக்கு நம்பலாமா?

கப்பலூர் ஷெட்:
வணக்கம். மதுரை கப்பலூர் சிட்கோ பக்கம் லாரி ஷெட். 11 வண்டி ஓடுது. பாதி வண்டி ராத்திரி 2 மணிக்கும் மீதி விடிகாலை 4 மணிக்கும் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பும். டிரைவர்கள் முன்னிரவே சாப்பிட்டுப் படுத்துருவாங்க. சிலர் படுக்கிறதுக்கு முன்னாடி குவார்ட்டர் போட்டுட்டுப் படுக்கிறாங்க. எழுந்து வரும்போது ஆள் தெளிவாத்தான் தெரியுது, வாடையும் பெருசா இருக்காது. ஆனா ரத்தத்துல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியல.

மணிக்கட்டுல கட்டுற பட்டை இருக்காம், தோல் வழியாவே அளந்து போனுக்கு அனுப்புமாம். ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கட்டிவிட்டா, சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆபீஸ்லேயே பார்த்துக்கலாம்னு யோசனை. அந்த அளவும் போலீஸ் ஊதச் சொல்ற மெஷின் காட்டுற அளவும் ஒண்ணா இருக்குமா? நம்ம ஊரு வேர்வைக்குத் தாங்குமா? இரண்டாயிரம் ரூபாய்க்கு வாட்ச் ஒண்ணுல "ஆல்கஹால் டெஸ்ட்"னு போட்டிருக்கான், அது சரியா வருமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருநகர் சென்சார்:
கடைசிக் கேள்விக்கு முதல் பதில். அந்த வாட்ச்சை வாங்காதீர்கள். பின்பக்கம் பச்சை விளக்கு எரியும் வாட்ச் எதுவும் ஆல்கஹாலை அளக்காது. அந்த வெளிச்சம் நாடித்துடிப்புக்கானது. எத்தனால் ஒளியை உறிஞ்சும் அலைநீளங்கள் அகச்சிவப்பில், ஏறத்தாழ 1,700, 2,300 நானோமீட்டர் பக்கம் இருக்கின்றன. அங்கே தண்ணீரும் கொழுப்பும் சேர்ந்தே உறிஞ்சும் என்பதால் பிரித்தெடுக்க லேசர் வேண்டும். அமெரிக்காவில் 2008 முதல் அரசும் கார் கம்பெனிகளும் சேர்ந்து 'டாட்ஸ்' என்ற திட்டத்தில் விரல் வைத்துப் பார்க்கும் அப்படி ஒரு கருவிக்காக வேலை செய்கின்றன. அது இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்சுக்குள் வராது.

உண்மையான பட்டை வேறு வகை. குடித்த ஆல்கஹாலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு தோல் வழியாக ஆவியாகவும் வேர்வையாகவும் வெளியேறும். பட்டையின் அடியில் சின்ன அறை, அதற்கு மேல் பிளாட்டினம் பூசிய ஃப்யூல் செல். ஆவி செல்லுக்குள் போனதும் எத்தனால் அசிட்டிக் அமிலமாக மாறும், அதில் வரும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். நீதிமன்ற உத்தரவின்படி கணுக்காலில் மாட்டும் 'ஸ்க்ராம்' அமெரிக்காவில் 2003 முதல் இருக்கிறது, அரை மணிக்கு ஒருமுறை அளவெடுக்கும். மணிக்கட்டுக்கான 'ஸ்கின்' என்ற பட்டை 2016-இல் அமெரிக்க மதுப்பழக்க ஆய்வு நிறுவனத்தின் போட்டியில் முதல் பரிசு வாங்கியது.

உங்கள் வேலைக்கு இவை ஒத்துவராது, காரணம் தாமதம். ரத்தத்தில் ஏறிய ஆல்கஹால் தோலைக் கடந்து அந்த அறையில் சேர அரை மணி முதல் இரண்டு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஒன்றரை மணிக்கு ஒருவர் ஊற்றிக்கொண்டு வந்தால், இரண்டு மணிக்குச் சாவி கொடுக்கும்போது பட்டை சுத்தமாகக் காட்டலாம். எட்டு மணிக்குக் குடித்து ரத்தத்தில் எல்லாம் இறங்கிப்போன ஆளுக்கோ, பட்டை இன்னும் ஏதாவது காட்டிக்கொண்டிருக்கும். ஏறும்போதும் பின்தங்கும், இறங்கும்போதும் பின்தங்கும். நேற்று ராத்திரி குடித்தாரா என்று பட்டை சொல்லும். இந்த நிமிடம் வண்டி எடுக்கலாமா என்று சொல்லாது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அளவும் ஒன்றாக வராது. தோலின் தடிமன், தோல் சூடு, வேர்வை, பட்டையின் இறுக்கம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே அளவு குடித்த இரண்டு பேருக்குப் பட்டை இரண்டு எண் காட்டும். அதை ரத்த அளவாக மாற்ற நேரான சூத்திரம் இல்லை, அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர்கள் தனி எண்ணைப் பார்க்காமல் வளைகோட்டின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். குடித்ததென்றால் கோடு மெல்ல ஏறி மணிக்கணக்கில் மெல்ல இறங்கும். சானிடைசர், சென்ட், ஷேவிங் லோஷன் பட்டால் செங்குத்தாக ஏறிச் சீக்கிரமே விழும்.

வேர்வையைப் பொறுத்தவரை, ஓரளவு ஈரம் ஃப்யூல் செல்லுக்குத் தேவைதான். அக்னி நட்சத்திரத்தில் லோடு ஏற்றும் ஆளின் கையில் வேர்வை ஓடி அறையின் துளையை அடைத்தால், ஆவி உள்ளே போகாமல் அளவு குறைவாகக் காட்டும். உப்பு படிந்தாலும் அதே கதி. தினமும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது.

மேலூர் ரோடு:
கணக்குப் போட்டுப் பாருங்கண்ணே, பிரச்சினை எங்க இருக்குன்னு தெரியும். குவார்ட்டர் 180 மி.லி., 42.8 சதவீதம். அதுல சுத்த ஆல்கஹால் 77 மி.லி., எடையில 61 கிராம். 70 கிலோ ஆம்பளைக்கு 61 ÷ (70 × 0.68) = கிலோவுக்கு 1.28 கிராம் (0.68-ங்கிறது ஆம்பளை உடம்புல ஆல்கஹால் பரவுற பங்கு). அதாவது 100 மி.லி. ரத்தத்துல சுமார் 128 மி.கி. உடம்பு மணிக்கு சராசரியா 15 மி.கி. எரிக்கும், ஆளுக்கு ஆள் 10-லிருந்து 20 வரை மாறும்.

ராத்திரி 10 மணிக்கு முடிச்சிட்டுப் படுத்தார்னு வைங்க. 2 மணிக்கு 68. 4 மணிக்கு 38. சட்டம் சொல்ற வரம்பு 30. தூங்கி எழுந்து, டீ குடிச்சு, முகம் கழுவிட்டு வந்தாலும் வரம்புக்கு மேலதான் இருக்கார். 55 கிலோ ஆளா இருந்தா 4 மணிக்கும் 70-க்கு மேல. ஆஃப் பாட்டில்னா (375 மி.லி.), அதே 70 கிலோ ஆளுக்கு 30-க்கு இறங்க மறுநாள் மதியம் ஒண்ணே முக்கால் ஆயிரும். டீ, மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அந்த 15-ஐக் கூட்டாது. இது தோராயக் கணக்கு. சாப்பாட்டோட குடிச்சா உச்சம் கொஞ்சம் குறையும், ஆனா இதை நம்பி யாரும் வண்டி எடுக்கக் கூடாது. பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்திவிட வேண்டிய ஆள் யாருன்னு முடிவு பண்றதுக்குத்தான் இது.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு, 100 மி.லி. ரத்தத்துல 30 மி.கி.-க்கு மேல இருந்தா குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை ஆறு மாசம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினா இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். போலீஸ் ஊதச் சொல்றது 203-வது பிரிவுல. "பட்டையில ஜீரோ சார்"னு அங்க சொல்றதுல அர்த்தம் இல்ல. நீங்க கவனிக்க வேண்டியது 188. தெரிஞ்சே அனுப்பி வைக்கிறவருக்கும் அதே தண்டனை. சொந்த வண்டி சேதத்துக்கான இன்சூரன்ஸ்லயும் குடிச்சிட்டு ஓட்டினா பணம் கிடையாதுன்னு பாலிசியிலேயே எழுதியிருக்கும். கேட்லயே சோதிக்கணும்னு நீங்க நினைக்கிறது ரொம்பச் சரி, கருவியை மட்டும் மாத்துங்க.

ஃப்யூல் செல்:
மேலே சொன்னதை ஒட்டி, எதை வாங்குவது, எப்படி ஊதச் சொல்வது என்று எழுதுகிறேன்.

ஃப்யூல் செல் வகை ப்ரெத் அனலைசர் ஒன்று கேட்டில் இருந்தால் 11 டிரைவருக்கும் போதும். 'செமிகண்டக்டர் சென்சார்' என்று போட்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சிகரெட் புகை, பெட்ரோல் வாடை, தின்னர், சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர் மூச்சில் வரும் அசிட்டோன் எல்லாவற்றுக்கும் அது ஏறும். லாரி ஷெட்டில் இதில் ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும்.

எந்த அலகில் காட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள். சட்டத்தின் 30 மி.கி. என்பது சில கருவிகளில் 0.030 என்றும், சிலவற்றில் லிட்டருக்கு 0.30 கிராம் என்றும், மூச்சு அளவாகக் காட்டுபவற்றில் லிட்டருக்கு 0.14 மி.கி. என்றும் வரும். கடைசியில் சொன்னது 2,100 லிட்டர் மூச்சில் இருக்கும் ஆல்கஹால் ஒரு லிட்டர் ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்ற கணக்கு. மூச்சு அளவில் 0.20 என்று பார்த்துவிட்டு "முப்பதுக்குள்தான்" என்று அனுப்பினால், உண்மையில் அந்த ஆளுக்கு 42.

ஊதும் முறை: வந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பிறகு 15 நிமிடம் வாயில் எதுவும் போகக் கூடாது, பீடி சிகரெட்டும் கூடாது. அந்த நேரத்தில் டயர், ஆயில் பார்க்கட்டும். ஆளுக்குப் புது ஊதுகுழல். நான்கைந்து நொடி ஒரே சீராக, நுரையீரலின் அடிக்காற்று வரும்வரை ஊத வேண்டும். விட்டு விட்டு ஊதினாலும் பாதியில் நிறுத்தினாலும் அளவு குறையும், நல்ல கருவி அதை ஏற்காமல் திருப்பிவிடும். ஊதும் மேசையருகே சானிடைசர் வைக்காதீர்கள். அதன் ஆவியை ஃப்யூல் செல்லும் ஆல்கஹாலாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் வகை என்றாலும் அப்படித்தான்.

பூஜ்யத்துக்கு மேல் வந்தால் 15 நிமிடம் கழித்து இன்னொரு தடவை. முதலில் 0.040, அடுத்தது 0.000 என்றால் அது வாயில் ஒட்டியிருந்தது. 0.040, அடுத்தது 0.037 என்றால் ரத்தத்தில் இருக்கிறது. இரண்டாவது கூடினால் சற்று முன் குடித்திருக்கிறார், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. வரம்பை 30-இல் வைக்காதீர்கள். கருவியின் பிழை ஐந்து அளவுக்குக் கூடக் குறைய இருக்கும், அதனால் 0.010-ஐத் தாண்டினால் சாவி இல்லை என்று வையுங்கள். லோடு லாரிக்கு அதற்கு மேல் இடம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கருவியைக் கேபினில் விட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய கேபின் சூட்டில் செல் காய்ந்து உணர்திறன் குறையும், குறைந்தது வெளியே தெரியாது. எல்லாருக்கும் பூஜ்யம் காட்டும் கருவிதான் மிக ஆபத்தானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவுத் திருத்தம் செய்து சீட்டு வாங்கி வையுங்கள்.

கப்பலூர் ஷெட்:
ரொம்ப நன்றி. தெளிவாயிருச்சு, பட்டை வேணாம், ஊதுற கருவிதான். ஒரு சந்தேகம்: ஒரு டிரைவர் அரிஷ்டம் குடிக்கிறார். அதுலயும் மாட்டுவாரா?

ஃப்யூல் செல்:
தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் நொதித்து உண்டான ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். 30 மி.லி. குடித்தால் அதிகபட்சம் இரண்டரை கிராம்கூட இல்லை, ரத்தத்தில் ஐந்து மி.கி. அளவுக்குத்தான் ஏறும். ஆனால் குடித்த உடனே ஊதினால் வாயில் இருப்பது சேர்ந்து பெரிய எண் காட்டும். கொப்பளித்து 15 நிமிடம் கழித்து ஊதினால் தெரிந்துவிடும். மருந்தை ட்யூட்டி முடிந்து குடிக்கச் சொல்லுங்கள், சிக்கலே வராது.

பைனல் இயர் இ.சி.இ.:
அண்ணே, இதே தலைப்புல எங்க காலேஜ் ப்ராஜெக்ட். எம்.க்யூ-3 ஆல்கஹால் சென்சார், ஈ.எஸ்.பி.32 கன்ட்ரோலர் போர்டு, 200 மில்லியாம்ப்-அவர் லித்தியம் பேட்டரி வச்சு ரிஸ்ட் பேண்ட் பண்றோம். ரீடிங் நிலையா நிக்க மாட்டேங்குது. என்ன மாத்தணும்?

திருநகர் சென்சார்:
தம்பி, சென்சாரையே மாற்ற வேண்டும். எம்.க்யூ-3 டின் ஆக்சைடு சென்சார், உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். 5 வோல்ட்டில் முக்கால் வாட் இழுக்கும். உன் பேட்டரியில் இருப்பது 3.7 × 0.2 = 0.74 வாட்-அவர். வோல்டேஜைக் கூட்டும் பூஸ்ட் சர்க்யூட்டின் இழப்பையும் சேர்த்தால், போர்டு இல்லாமலேயே ஒரு மணி நேரம் தாங்காது. புதுச் சென்சாரை 24 மணி நேரமாவது சூடேற்றிய பிறகுதான் அளவு நிற்கும் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆஃப் செய்து ஆன் செய்தால் நிலையாக நிற்காது. ஈரப்பதம் மாறினாலும் தடை மாறும். மணிக்கட்டில் வேர்வை ஆவிக்கு நடுவே அது அளப்பது பெரும்பாலும் ஈரத்தைத்தான்.

எலக்ட்ரோகெமிக்கல் எத்தனால் செல் வாங்கு, ஹீட்டர் கிடையாது. அதன் மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் எல்.எம்.பி.91000 போன்ற பொட்டென்ஷியோஸ்டாட் (செல்லின் வோல்டேஜை நிலையாக வைக்கும்) சிப் வழியாக எடுத்து, ஏ.டி.எஸ்.1115 என்ற 16-பிட் ஏ.டி.சி.யில் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்) படி. ஈ.எஸ்.பி.32-இன் சொந்த ஏ.டி.சி. நேர்கோட்டில் இருக்காது. பக்கத்திலேயே பி.எம்.இ.280 வைத்து வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதிவு செய். கையில் கட்டியிருக்கிறதா என்று தெரிய, தோல் சூட்டுக்குத் தனியாக ஒரு தெர்மிஸ்டர். தோலுக்கும் செல்லுக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி, நடுவில் டெஃப்ளான் சவ்வு, பக்கவாட்டில் ஊசித்துளை. துளை இல்லாவிட்டால் பழைய ஆவி வெளியேறாமல் இறங்கும் கோடு நீண்டுகொண்டே போகும்.

சோதிக்க யாரையும் குடிக்க வைக்காதே. கெமிஸ்ட்ரி லேபில் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் 0.46 மி.லி. அப்சல்யூட் ஆல்கஹால் கலந்து, வாட்டர் பாத்தில் 34 டிகிரியில் மூடி வை. மேலே நிற்கும் ஆவி 0.030 அளவு மூச்சுக்குச் சமம். 34 டிகிரியில் லிட்டருக்கு 1.21 கிராம் கரைசல் 0.100 தரும் என்ற நிலையான அளவிலிருந்து வரும் கணக்கு இது. வெப்பம் ஒரு டிகிரி தவறினாலே ஆறேழு சதவீதம் மாறிவிடும். இது செல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும். பட்டையில் வரும் எண்ணை "ரத்த அளவு" என்று ரிப்போர்ட்டில் எழுதாதே, "தோல்வழி அளவு" என்று எழுது.

பாலரெங்காபுரம்:
ஷெட்காரர் அண்ணனுக்கு ஒன்று. தினமும் குடிக்கிற ஆள் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், படபடப்பு, வேர்வை தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பும் வரலாம். அந்த ஆள் ஊதினால் 0.000 என்றே வரலாம். கருவி சரி என்றாலும் அவர் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. ஊதிய பிறகு இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுங்கினால் வீட்டுக்குத் துரத்தாமல் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஆள் துணையோடு அனுப்புங்கள். 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணிலும் வழி சொல்வார்கள்.

பட்டைக்கு உண்மையான இடம் அங்கேதான். சிகிச்சையில் இருப்பவர் தானே சம்மதித்து, டாக்டர் பார்வையில் கட்டிக்கொண்டால், எந்த ராத்திரி சறுக்கியது என்று தெரிந்து மருந்தை மாற்ற உதவும். முதலாளி போனுக்கு அந்தத் தகவல் வரக் கூடாது. லீவு நாளில் வீட்டில் குடித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்றால் டிரைவர் பட்டையைக் கழற்றி வைப்பார், இல்லை வேலையை விட்டுப் போவார். கேட்டில் ஊதுவதை மட்டும் வேலை நிபந்தனையாக எழுதி, கையெழுத்து வாங்கி, மேனேஜர் உட்பட வண்டி எடுக்கும் எல்லாரையும் ஊதச் சொல்லுங்கள்.