காசு வாங்காதவருக்கு எப்படி நன்றி சொல்வது?

வியாசர்பாடிக்காரி:
2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். பக்கத்துத் தெரு மீன்பாடி வண்டிக்கார அண்ணன்தான் அம்மாவை வண்டியில் உட்கார வைத்து மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே போய்ச் சேர்த்தார், காசு நீட்டினால் கோபப்படுகிறார். இன்னும் மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

காசிமேட்டுத் தம்பி:
காசு வேண்டாம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தால் ஒரு தூக்கில் ஊற்றி அம்மா கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில், பாத்திரம் திருப்பித் தரும்போதுகூட ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம்.

ராயபுரத்து ஆயா:
தம்பி சொல்வது சரி. அப்புறம் அவர் பிள்ளைகளைப் பற்றி விசாரிம்மா.

வியாசர்பாடிக்காரி:
விசாரித்தேன் ஆயா. மகள் பத்தாவதாம், கணக்கு வரவில்லையாம். சாயங்காலம் நான் சொல்லித்தருகிறேன் என்றேன், உடனே சரி என்றார்.