43 இடத்திலும் ‘மேற்பரப்பு’ என்று போட்டுத் திரும்பி வந்துவிட்டது: ‘சர்ஃபேஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

பழைய வண்ணை (கேட்டவர்)

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். இந்த முறை வந்தது ஒரு தண்ணீர் பம்ப் கம்பெனியின் கையேடு. பம்பு மாட்டுகிறவர்களுக்கும் பழுது பார்க்கிறவர்களுக்கும் ஆனது. அதில் ‘சர்ஃபேஸ்’ என்ற சொல் 43 இடத்தில் வருகிறது. அகராதியில் மேற்பரப்பு என்று இருந்தது, பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான். ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ் இருந்தால் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வராது என்று நினைத்து எல்லா இடத்திலும் மொத்தமாக மாற்றிவிட்டேன்.

நேற்று பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘எங்க மெக்கானிக் படிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமே புரியலைன்னு சொல்றார்’ என்று ஒரு குறிப்பு. நான் எழுதியதில் சில வரிகள் இவை:

‘கண்ட்ரோலர் பழுதுக் குறியீட்டை மேற்பரப்பாக்கும்.’

‘கேஸ்கட் உட்காரும் மேற்பரப்பு ஆர்.ஏ. 1.6 இருக்க வேண்டும்.’

‘பழுதான பெட்டியை மேற்பரப்பு வழியாக மட்டும் திருப்பி அனுப்பவும்.’

‘பம்பை மேற்பரப்புக்குக் கீழே குறைந்தது 3 மீட்டரில் இறக்கவும்.’

‘மேற்பரப்பில் இது வோல்டேஜ் கோளாறு போலத் தெரியலாம்.’

‘எச்சரிக்கை: சூடான மேற்பரப்பு.’

வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். பொதுவான அகராதிப் பொருள் எனக்கும் தெரியும். இந்தத் தொழில்களில் இருக்கிறவர்கள் இதை என்னவென்று சொல்கிறீர்கள் என்பதுதான் வேண்டும்.

வியாசர்பாடி பட்டறை

தங்கச்சி, உங்கள் இரண்டாவது வரிக்கு நான் பதில் சொல்கிறேன். 22 வருஷமாக லேத் ஓட்டுகிறேன். அந்த இடத்தை நாங்கள் யாரும் மேற்பரப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஃபேஸ்’ என்போம். தமிழில் எழுதுவதானால் ‘முகம்’ என்று எழுதுங்கள், பட்டறையில் எவனுக்கும் புரியும். கேஸ்கட் உட்காரும் முகம். இரண்டு பாகமும் சேர்கிற முகம்.

ஏன் மேற்பரப்பு சரிவராது என்றால், அதில் ‘மேல்’ இருக்கிறது. பம்பைப் பூட்டிய பிறகு அந்த முகம் உள்ளே போய்விடும். நெட்டுக்குத்தாக நிற்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சிலிண்டருக்குள் போர் அடிக்கிறோமே, அந்தத் துளையின் உட்சுவரும் டிராயிங்கில் ‘சர்ஃபேஸ்’தான். அதை மேற்பரப்பு என்று எழுதினால் வேலை செய்கிற பையன் வெளிப்பக்கத்தை மினுமினுப்பாகத் தேய்த்துவைப்பான்.

ஆர்.ஏ. 1.6 என்பது 1.6 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேடு பள்ளம் சராசரியாக எவ்வளவு இருக்கலாம் என்ற கணக்கு. கண்ணுக்கு வழவழவென்று தெரிகிற இரும்பிலும் கருவி போன தடம் வரப்பு வரப்பாக இருக்கும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் ‘கரகர’வென்று தட்டும். சாதாரணமாகக் கடைந்தால் 3.2 வரும். கடைசி கட் நிதானமாகப் போட்டால் 1.6 கிடைக்கும். 0.4 கேட்டால் லேத்தை விட்டுவிட்டு கிரைண்டிங்குக்குத்தான் போக வேண்டும். பழைய டிராயிங்கில் இந்த எண்ணெல்லாம் இருக்காது, முக்கோணம் போட்டிருப்பார்கள். முக்கோணம் கூடக் கூட வழவழப்பு கூட.

முகம் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க நீல மை பூசிய பிளேட்டில் வேலையைக் கவிழ்த்து லேசாகத் தேய்ப்போம். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். முதல் தடவை அதைப் பார்க்கிற பையன்கள் வாயடைத்துப் போவார்கள், தட்டை என்று நினைத்த இரும்பு அவ்வளவு கோணலாக இருக்கும். உங்கள் கையேட்டில் ‘சர்ஃபேஸ் பிளேட்’ வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அது கருவியின் பெயர்.

பெரம்பூர் டெஸ்டர்

நான் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். முதல் வரி எங்கள் பாஷை. ‘எரரை சர்ஃபேஸ் பண்ணு’ என்று ஒரு நாளில் பத்து தடவை கேட்பேன். பழுது ஏற்கெனவே உள்ளே பதிவாகி இருக்கும். ஆனால் அது எங்கோ அடியில் ஒரு லாகில் கிடக்கும், பயன்படுத்துகிறவருக்குத் தெரியாது. அதை அவர் கண்ணில் படுகிற இடத்துக்குக் கொண்டுவருவதுதான் சர்ஃபேஸ் பண்ணுவது. ‘கண்ட்ரோலர் பழுதுக் குறியீட்டைத் திரையில் காட்டும்’, அவ்வளவுதான். வேறு நயம் வேண்டாம், பம்பு மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டு படிக்கப்போகிறார்.

இன்னொன்று. மொத்தமாக மாற்றியதாகச் சொன்னீர்களே, கையேட்டில் டேப்லெட் பற்றி எங்காவது வருகிறதா? மைக்ரோசாஃப்ட் 2012இல் கொண்டுவந்த டேப்லெட்டின் பெயரே சர்ஃபேஸ். அதற்கு முன்னால் 2007இல் மேசை அளவுக்கு ஒரு தொடுதிரைச் சாதனத்துக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பெயரைத் தமிழாக்கிவிட்டால் தேடவே முடியாது.

பழைய வண்ணை (கேட்டவர்)

ஐயோ, இருக்கிறது. 51ஆம் பக்கத்தில் ‘அமைப்புச் செயலி மேற்பரப்பு டேப்லெட்டிலும் இயங்கும்’ என்று இருக்கிறது. உடனே சரிசெய்துவிட்டேன், ரொம்ப நன்றி. பட்டறை அண்ணே, ‘முகம்’ அருமை. எட்டு இடத்தில் அப்படியே பொருந்திவிட்டது.

ஆனால் ‘காட்டும்’ என்று எல்லா இடத்திலும் போட முடியவில்லை. பயிற்சிப் பகுதியில் ‘சில பழுதுகள் ஆறு மாதம் கழித்துத்தான் சர்ஃபேஸ் ஆகும்’ என்று வருகிறது. அங்கே யாரும் காட்டவில்லையே?

காசிமேடு விசைப்படகு

அது ஆமை மாதிரிங்க. கடல் ஆமை மூச்சு வாங்க மேலே வரும். நாங்கள் ‘தலை தூக்குது’ என்போம். யாரும் தூக்கிவிடுவதில்லை, தானாக வருகிறது. வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும், பார்க்கவே மனசு கேட்காது. உங்கள் ஆறு மாசப் பழுதும் தானாகத்தானே வருகிறது? ‘தலைகாட்டும்’ என்று எழுதுங்கள்.

பட்டறைக்காரர் மைக்ரான் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. மீன் எங்கே கூடும் என்று ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் எங்களுக்கு அறிவிப்பு அனுப்புகிறது. செயற்கைக்கோள் வைத்துக் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் தண்ணீரில் இருக்கிற பச்சையத்தையும் பார்த்துச் சொல்கிறார்கள். மேற்பரப்பு என்றால் ஓர் ஆள் ஆழமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அகச்சிவப்பில் பார்க்கிற செயற்கைக்கோளுக்குத் தெரிவது கடலின் தோல் மட்டும்தானாம், அதுவும் மைக்ரான் கணக்குத்தான். பயிற்சியில் ஒருவர் விளக்கியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தோலுக்கு மேற்பரப்பு என்று சொல்வது சரியாகவே இருக்கிறது.

தண்டையார்பேட்டை டீச்சர்

காசிமேட்டுக்காரர் சொன்னதில்தான் உங்கள் இலக்கணமே இருக்கிறது, அம்மா. தமிழில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். வெளிப்படு, வெளிப்படுத்து. எழும்பு, எழுப்பு. ஆங்கிலத்தில் ‘சர்ஃபேஸ்’ இரண்டுக்கும் ஒரே உருவத்தில் நிற்கும். ஆமை தானே வந்தாலும் அதுதான், கண்ட்ரோலர் கொண்டுவந்து காட்டினாலும் அதுதான். தமிழில் நீங்கள் ஒவ்வொரு தடவையும் ‘யார் செய்தது?’ என்று கேட்டாக வேண்டும்.

பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ‘சுர்’ என்றால் மேல், ‘ஃபாஸ்’ என்றால் முகம். பட்டறைக்காரர் முகம் என்று சொன்னது வேர்ச்சொல்லிலேயே இருக்கிறது.

கணக்கில் நாங்கள் மேற்பரப்பை அதிகம் தொடுவதில்லை. உருளை என்றால் வளைபரப்பு, மொத்தப் புறப்பரப்பு. பிள்ளைகள் தேர்வில் மார்க் விடுவது இந்த இரண்டையும் குழப்பித்தான். அரைக்கோளத்துக்கு வளைபரப்பு 2πr², அடிவட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் 3πr². கேள்வியில் கிண்ணமா, கெட்டியான அரைக்கோளமா என்று பார்க்காமலே எழுதிவிடுவார்கள். வகுப்பில் நான் வெல்லக்கட்டி கொண்டுபோவேன். 2 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குப் புறப்பரப்பு 24 சதுர சென்டிமீட்டர். அதை 1 சென்டிமீட்டராக எட்டுத் துண்டு போட்டால் 48. வெல்லம் அதே அளவுதான், தண்ணீர் படுகிற இடம் இரட்டிப்பு. பாகு காய்ச்ச ஏன் வெல்லத்தைத் தட்டிப் போடுகிறோம் என்று அப்போது பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

உங்கள் ஐந்தாவது வரிக்கு என் பாட்டியின் சொல் இருக்கிறது: மேலுக்கு. ‘மேலுக்குச் சிரிக்கிறான்’ என்கிறோம் இல்லையா? ‘மேலுக்கு இது வோல்டேஜ் கோளாறு போலத் தெரியும்.’ பாட்டி ‘மேலுக்குக் குளிச்சேன்’ என்றும் சொல்வாள், ‘மேலுக்கு முடியலை’ என்றும் சொல்வாள். அங்கே மேல் என்பது உடம்பு. கையேட்டுக்குப் பேச்சுவழக்கு அதிகம் என்று பட்டால் ‘மேலோட்டமாகப் பார்த்தால்’ என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை

திருப்பி அனுப்புகிற வரிக்கு: கூரியரில் ‘ஏர்’, ‘சர்ஃபேஸ்’ என்று இரண்டு ரேட் இருக்கும். சர்ஃபேஸ் என்றால் லாரி அல்லது ரயில். ‘தரைவழியாக மட்டும் அனுப்பவும்’ என்று போடுங்கள், முடிந்தது.

மண்ணடி கிளியரிங்

தரைவழி என்று போட வேண்டாம். எங்களுக்குத் துறைமுக வேலை. இங்கிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போகிற சரக்கும் சர்ஃபேஸ்தான். அந்தமானில் பம்பு வாங்கியவருக்குத் தரைவழி ஏது? அந்தச் சொல்லுக்குள் நிலமும் கடலும் சேர்ந்தே இருக்கிறது, வானம் மட்டும்தான் கிடையாது. ‘ஆகாஷ்’ ஏவுகணையை ஆங்கிலத்தில் சர்ஃபேஸ் டு ஏர் வகை என்கிறார்கள். அந்த வகையில் கப்பலிலிருந்து ஏவுகிறவையும் உண்டு.

அந்தக் கண்ட்ரோலர் பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இப்படி எழுதியதற்குக் காரணமே அதுதான். பழுதான பேட்டரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், தீப்பிடிக்கும். ‘விமானம் வழியாக அனுப்பக் கூடாது’ என்று நேராக எழுதிவிடுங்கள். அனுப்புகிற ஆள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

எனக்குப் பழக்கம் என்னவென்றால், சரக்குக் காகிதத்தில் இந்தச் சொல் வந்தால் ‘இதற்கு எதிர்ப்பக்கம் எது?’ என்று பார்ப்பேன். கூரியரில் எதிர்ப்பக்கம் வானம். சுரங்கச் சரக்கில் எதிர்ப்பக்கம் பூமிக்கு அடி.

கொருக்குப்பேட்டை

அந்தமான் எனக்குத் தோன்றவில்லை, அண்ணன் சொல்வதே சரி. முதலில் நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருவொற்றியூர் போர்வெல்

யாருமே நாலாவது வரியைத் தொடவில்லை, அதுதான் இதில் ஆபத்தானது. ‘மேற்பரப்புக்குக் கீழே 3 மீட்டர்’ என்றால் எந்த மேற்பரப்பு? தரையா, தண்ணீரா? எங்கள் பக்கம் ஒரு போர்வெல்லில் தண்ணீர் 12 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 3 மீட்டர் என்று படித்தால் பம்பு காற்றில் தொங்கும். தண்ணீருக்குள் முங்கி ஓடுகிற சப்மெர்சிபிள் மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் இல்லாமல் காய்ந்து ஓடினால் மோட்டாரின் கம்பிச் சுருள் போய்விடும், புஷ் தேய்ந்துவிடும்.

எனவே அது நீர்மட்டமாகத்தான் இருக்க வேண்டும். அதிலும் எந்த நீர்மட்டம் என்று கேட்டு எழுதுங்கள். மோட்டார் நிற்கும்போது ஒரு மட்டம், ஓட ஆரம்பித்ததும் தண்ணீர் இறங்கி இன்னொரு மட்டம். சித்திரையில் அதையும் விடக் கீழே. மூடி திறந்து கயிறு விட்டுப் பார்க்கிற அளவை வைத்து பம்பை இறக்கிவிட்டு, பத்து நிமிஷத்தில் காற்று இழுக்கிற வேலைகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். கம்பெனிக்குப் போன் போட்டுக் கேளுங்கள், ஊகத்தில் எழுத வேண்டாம்.

‘சூடான மேற்பரப்பு’ ஸ்டிக்கருக்கு: ‘சுடும், தொடாதீர்கள்’. மோட்டார் மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர்தானே, எது சுடும் என்று பார்க்கிறவனுக்கே தெரியும்.

பழைய வண்ணை (கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது, மண்ணடி அண்ணன் சொன்னபடியே மாற்றிவிட்டேன். இன்று காலை கம்பெனியில் பேசினேன். திருவொற்றியூர் அண்ணே, நீங்கள் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டதும் அந்தப் பொறியாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஆங்கில மூலத்திலேயே அந்த வரியைத் திருத்த வேண்டும் என்றார். இப்போது தமிழில் இப்படி இருக்கிறது: ‘கோடையில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் இறங்கி நிற்கும் மட்டத்துக்குக் கீழே குறைந்தது 3 மீட்டரில் பம்பு இருக்க வேண்டும்.’

43இல் இப்போது மேற்பரப்பு என்று மிச்சம் இருப்பது நாலே இடம். ஒன்றில் மட்டும் இன்னும் சந்தேகம். கையேட்டின் கடைசியில் ‘சர்ஃபேஸ் வாட்டருக்கு இந்த மாடல் வேண்டாம்’ என்று இருக்கிறது. மேற்பரப்பு நீர் என்று விட்டுவிடலாமா?

திருவொற்றியூர் போர்வெல்

படித்தவர்களுக்குப் புரியும். பம்பு மாட்டுகிறவர், தொட்டியில் மேலாக நிற்கிற தண்ணீர் என்று எடுத்துக்கொள்வார். இங்கே எதிர்ப்பக்கம் நிலத்தடி நீர். ‘ஏரி, குளம், கால்வாய்த் தண்ணீருக்கு இந்த மாடல் வேண்டாம்’ என்று போடுங்கள். பாசியும் சேறும் வந்து அடைத்துக்கொள்ளும் என்பதால்தான் சொல்கிறார்கள்.

பழைய வண்ணை (கேட்டவர்)

போட்டுவிட்டேன் அண்ணே. அப்போ மூன்று இடம்.