புதுப்பிப்பு: அக்டோபர் குளிரில் ஹர் கி தூன்

உத்தராகண்ட் இமயமலையில் உள்ள ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு மலையேற்றம் போகிறேன், ஐப்பசிக் குளிருக்கு என் ஸ்லீப்பிங் பேக் தாங்குமா என்று செப்டம்பரில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பயணத்தை முடித்துக்கொண்டு நேற்றுக் காலை தில்லி கஷ்மீரி கேட்டில் வந்திறங்கினேன். ஸ்லீப்பிங் பேக் தாங்கியது. ஆர்.கே. புரம் மலை மந்திர் படிகளில் மூட்டையோடு ஏறி இறங்கிய பயிற்சியும் கைகொடுத்தது.

நான் எதிர்பாராத சிக்கல் அடுப்பில்தான் வந்தது. வழியிலுள்ள ஓஸ்லா கிராமத்தைத் தாண்டி ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் கூடாரம் அடித்துத் தங்கிய இரவு கழிந்து, விடியற்காலையில் தேநீருக்காகப் பற்றவைத்தபோது, அடுப்பின் எரிவாயுக் குடுவையில் பாதிக்கு மேல் பியூட்டேன் வாயு இருந்தும் நீலச்சுடர் விரல் நக அளவுக்கு மேல் எழவில்லை. பியூட்டேனின் கொதிநிலை சுமார் மைனஸ் 0.5 டிகிரி; அதற்கும் கீழே குளிர்ந்தால் அது ஆவியாகி அடுப்புக்கு வராமல் திரவமாகவே தங்கிவிடும். குடுவையைச் சட்டைக்குள் வைத்து உடல் சூட்டில் வெதுவெதுப்பாக்கிய பிறகே அடுப்பு எரிந்தது. மறுநாள் முதல் அதைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கினேன். இதைவிடக் கடுங்குளிரிலும் ஆவியாகும் புரொப்பேன் கலந்த குடுவையை வாங்கியிருக்க வேண்டும்.

நவம்பரில் கிளம்புகிறவர்கள் தண்ணீர் வடிகட்டியையும் அப்படியே உடன் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் நனைந்த நுண்குழாய்கள் உறைந்து வெடித்தால் கிருமிகளைத் தடுக்காது; ஆனால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது.