முகாம் யானைகளின் குடற்புழுவும் சினை பிடித்தலும்

மசினகுடி வாசகர் (கேள்வி):
என் சித்தப்பா தெப்பக்காடு யானை முகாமில் காவடியாக, அதாவது பாகனுக்கு உதவியாளராக இருந்தவர். யானை ஓரிடத்தில் நின்று மண்ணைக் கிளறித் தின்னத் தொடங்கினால், வயிற்றில் புழு சேர்ந்துவிட்டது என்பார். குடற்புழு உடலை மெலியச் செய்வதோடு நின்றுவிடுமா, பெண் யானை சினை பிடிப்பதையும் கெடுக்குமா? இரவில் சங்கிலியோடு காட்டில் மேய விடுவதால்தான் புழு தொற்றுகிறது என்றால், அந்த வழக்கத்தை நிறுத்திவிடலாமா?

உதகை, கால்நடை மருத்துவர்:
குடலில் வாழும் உருண்டைப் புழுக்கள் கருப்பையைத் தொடுவதில்லை. ஆனால் அவை மிகுந்துவிட்டால் தின்ற தீனி உடலில் ஒட்டாது, இரத்தம் குன்றும், முற்றிய நிலையில் தாடையின் கீழும் அடிவயிற்றிலும் நீர் கோத்துக்கொள்ளும். இப்படித் தளர்ந்த உடல் சினைக்கு வருவது கடினம். பெண் யானையின் பருவச் சுழற்சி 14 முதல் 16 வாரம் என்பதால், ஒன்று தவறினாலே ஏறக்குறைய நான்கு மாதம் போய்விடும். சினைக்காலமோ சுமார் 22 மாதம். அதன்பின் கன்றுக்குப் பால் கொடுக்கும் காலமும் நீண்டது.

கல்லீரல் தட்டைப்புழுவைத் தனியாகச் சொல்ல வேண்டும். லத்தியோடு (யானைச் சாணத்தோடு) வெளியேறும் முட்டை நீரில் பொரிந்து, நத்தைக்குள் வளர்ந்து, கரையோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு, மேயும் யானையின் வயிற்றுக்கே திரும்புகிறது. கடிக்கும் ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோயான சர்ராவும் இரத்தசோகையை உண்டாக்கும். மாடுகளிலும் ஒட்டகங்களிலும் அது கருச்சிதைவுக்குக் காரணமாவது நன்கு அறியப்பட்டது.

கோத்தகிரி ஆய்வு மாணவி:
மியான்மரில் மரம் இழுக்கும் 4,000-க்கும் மேற்பட்ட யானைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, ஒட்டுண்ணியோடு தொடர்புடையவையாகக் கருதத்தக்க இறப்புகள் கன்றுகளிடமும் கிழ யானைகளிடமும் மிகுதியாகவும், எல்லா வயதிலும் பெண்ணைவிட ஆணுக்குக் கூடுதலாகவும் இருந்தன. ஈன்ற பெண் யானைகளுக்கு, ஈனாதவற்றைவிட இந்த ஆபத்து குறைவு. ஈனுவதே காக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நல்ல உடல்நிலை உள்ளவையே ஈனுகின்றன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கூடலூர், முன்னாள் முகாம் பணியாளர்:
தம்பி, காட்டு மேய்ச்சலை நிறுத்த வேண்டாம். முகாமில் பிறந்த கன்றுகள் பலவற்றுக்குத் தகப்பன் அந்த இரவுகளில் வந்து சேர்ந்த காட்டுக் கொம்பன்தான். கட்டுத்தறியிலேயே நிறுத்தினால் சினைக்கு வழி அடைபடுவதோடு, தன் லத்தி கிடக்கும் இடத்திலேயே யானை தின்ன நேர்ந்து புழுவும் பெருகும். தறியை நாள்தோறும் கூட்டி, லத்தியைத் தொலைவில் கொட்டுங்கள்.

மருந்தை நாள்காட்டி பார்த்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காலையில் யானை போட்ட சூடான லத்தி உருண்டையைப் பிளந்து, தரையில் படாத நடுப்பகுதியிலிருந்து ஒரு பிடி எடுத்து, முட்டை எண்ணிக்கை பார்க்க அன்றைக்கே அனுப்ப வேண்டும். எண்ணிக்கை மிகுந்திருந்தால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவை ராகிக் களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் லத்தியைப் பார்க்க வேண்டும். சினை யானை என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.