காய்ச்சலே இல்லாமல் வந்த இருமல்: கிட்னி மாற்றியவர்கள் வீட்டுக் கதைகள்

கடலூர், மஞ்சக்குப்பம்:
என் வீட்டுக்காரருக்குக் கிட்னி மாற்றி நாலு வருஷம் ஆகிறது. மாற்றிய கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைகோபினோலேட், ஸ்டீராய்டு மூன்று மாத்திரையும் தினமும் உண்டு. போன ஐப்பசி அடைமழையில் பேரனுக்கு மூக்கொழுகல். தூக்காதீர்கள் என்றால் கேட்கிற ஆளா? நாலாம் நாள் இவருக்கும் இருமல். தெர்மாமீட்டர் 99-ஐத் தாண்டவே இல்லை. சரி, வெறும் சளிதான் என்று கஷாயம், ஆவி பிடிப்பது என நாலு நாளை ஓட்டிவிட்டேன். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் சரியாகக் காட்டாமல் போகலாம் என்று அப்புறம்தான் சொன்னார்கள். மாடிப்படியில் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் 91 சதவீதம்தான்.

ஆஸ்பத்திரியில் ஃப்ளூ பாசிட்டிவ். காரணம் கிடைத்துவிட்டதே என்று எல்லோருக்கும் நிம்மதி. ஓசல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரை ஐந்து நாள் முடிந்தும் மூச்சிரைப்பு விடவில்லை. பிறகுதான் மூக்கில் மறுபடி குச்சி விட்டு, பல வைரஸ்களைச் சேர்த்துப் பார்க்கும் பிசிஆர் எடுத்தார்கள். கூடவே ஆர்எஸ்வி என்ற, நுரையீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸும் இருந்தது! அதைக் குழந்தைகள் நோய் என்றுதான் நினைத்திருந்தேன். ஃப்ளூ மாத்திரை அதைத் தொடாதாம். உடம்பே எதிர்த்து நிற்கட்டும் என்று மைகோபினோலேட்டைப் பாதியாகக் குறைத்து, ஆக்சிஜன் வைத்துக் காத்திருந்தோம். வீடு திரும்ப இருபது நாள்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை:
அக்கா, எனக்கு வைரஸைவிட மருந்துக் கடைதான் வினையாகிவிட்டது. எனக்கும் கிட்னி மாற்றியிருக்கிறது. இருமலுக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், நானும் கேட்காமல் போட்டுக்கொண்டேன். நாலாம் நாள் காபி டம்ளர் டபராவில் கடகடவென்று ஆடுகிற அளவுக்குக் கை நடுக்கம். அந்த மாத்திரை டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். எனக்கு 7-ல் இருந்தது 19-க்குப் போய், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறிவிட்டது. இருமலுக்கே காரணம் சாதாரண சளி வைரஸான ரைனோவைரஸ். ஆன்டிபயாடிக்கே தேவைப்பட்டிருக்காது. இரண்டு மாதம் கழித்தும் அந்த வைரஸ் டெஸ்டில் பாசிட்டிவாகவே வந்தது. நம் உடம்பில் வெளியேற நாளாகும், தொந்தரவு இல்லையென்றால் விடுங்கள் என்றார் டாக்டர்.

கடலூர், மஞ்சக்குப்பம்:
ஐயோ தம்பி! இங்கே இப்போது எந்த மாத்திரையானாலும் கிட்னி டாக்டருக்குப் போன் போட்ட பிறகுதான். பேரன் உட்பட எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டாயிற்று. இவருக்கும் ஊசிதான்; மூக்கில் அடிக்கிற உயிருள்ள தடுப்பு மருந்து கூடாது. ஆக்சிமீட்டர் சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.