புதுப்பிப்பு: வான் ஸ்பெய்க் படம் செதுக்கு அச்சேதான்

போன மாதம் பழைய பொருள் சந்தையில் வாங்கிய டச்சுக் கடற்படை வீரர் படத்தைப் போட்டு, இது உலோகத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி அச்சடித்ததா, கல்லில் வரைந்து எடுத்த கல் அச்சா என்று கேட்டிருந்தேன். சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள் என்றீர்கள். கழற்றிவிட்டேன்.

படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் லேசான பள்ளக்கோடு தெரிகிறது. ஈரக் காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தும்போது விழும் தடம் அது; கல் அச்சில் இப்படி விழாது. லென்ஸில் பார்த்தால் நிழல் முழுக்க மெல்லிய கோடுகள். கோடுகளின் நுனி ஊசி போல ஒடுங்குகிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அடியில் கண்ணாடிச் சட்டம் மறைத்திருந்த வரியும் கிடைத்தது: 5 பிப்ரவரி 1831. யான் வான் ஸ்பெய்க் இறந்த நாள் அது. ஆக, இவர் அவரேதான். ஆம்ஸ்டர்டாம் அநாதை இல்லத்தில் வளர்ந்து, தையல் கற்று, பிறகு கடற்படைக்குப் போனவர். டச்சு ஆட்சியை எதிர்த்து நடந்த பெல்ஜியப் புரட்சியின்போது இவருடைய பீரங்கிப் படகைக் காற்று ஆண்ட்வெர்ப் துறைமுகக் கரைக்குத் தள்ளியது. பெல்ஜியர்கள் ஏறி டச்சுக் கொடியை இறக்கச் சொன்னார்கள். இவர் வெடிமருந்துக்குத் தீ வைத்துவிட்டார். வயது 29. கூட இருந்த மாலுமிகளில் பெரும்பாலோரும் செத்தார்கள். அவர்கள் யாரும் இந்தப் படத்தில் இல்லை, அது எனக்கு உறுத்துகிறது.

காகிதத்தில் உள்ள பழுப்புப் புள்ளிகளை நான் தொடப் போவதில்லை. பின்னாலிருந்த மரப்பலகையை மட்டும் எடுத்துவிட்டு, அமிலமில்லாத அட்டை வைக்கிறேன்.